தேன் பெட்டிப் பலகையும் மைட்டர் கேஜும்

தேனீ வளர்க்கும் விவசாயிகளில் பலர் இப்போது பெட்டிகளை விலை கொடுத்து வாங்காமல் தாங்களே செய்துகொள்ள விரும்புகின்றனர். சிறிய மேசை வட்ட ரம்பம் ஒன்று வீட்டில் இருந்தால், வேலை குறைந்த நாட்களில் நான்கு பெட்டிகளுக்கான பலகைகளை அறுத்து வைத்துக்கொள்ளலாம். ஆயினும் இவ்வாறு செய்த பெட்டிகளில் சில ஆடுகின்றன, சில சாய்ந்து நிற்கின்றன, சிலவற்றில் மேலறை கீழறையின் மீது சரியாக அமர்வதில்லை. ரம்பம் மோசம், மரம் மோசம் என்று குறை கூறுவார்கள். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டிலும் இல்லை. பலகையை ரம்பத்திற்கு நேராகத் தள்ளிக் கொடுக்கும் மைட்டர் கேஜ் என்னும் சிறு கருவியில்தான் இருக்கும்.

என் அனுபவத்தையே முதலில் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பளபளப்பான மைட்டர் கேஜ் ஒன்றை வாங்கினேன். அதன் முள் பூஜ்யத்தில் நின்றது. பூஜ்யம் என்றால் நேர் வெட்டு என்று நம்பி, சோதித்துப் பார்க்காமலே ஆறு பெட்டிகளுக்குப் பலகை அறுத்து ஆணி அடித்து முடித்தேன். தரையில் வைத்தபோது ஆறும் ஆடின. அவற்றில் இரண்டில் தேனீக்களைக் குடியேற்றினேன். சில வாரங்கள் கழித்துச் சட்டத்தைத் தூக்கியபோது அடை பெட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. தேனும் புழுக்களும் கையில் வழிந்தன. அன்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேனீயின் இடைவெளி

தேனீப் பெட்டி மற்ற மரப் பெட்டிகளைப் போன்றது அன்று. அமெரிக்காவைச் சேர்ந்த லாங்ஸ்ட்ராத் என்பவர் 1851-ஆம் ஆண்டில் ஒன்றைக் கண்டறிந்தார். சட்டத்திற்கும் சுவருக்கும் நடுவே தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் சந்து விட்டால், அதைத் தேனீ அடைப்பதும் இல்லை, அங்கே அடை கட்டுவதும் இல்லை. சட்டங்களை வெளியே எடுத்துப் பார்க்கும் இன்றைய பெட்டிகள் அனைத்தும் இந்த உண்மையின் மீதே அமைந்தவை. நம் இந்தியத் தேனீக்கு இச்சந்து சுமார் 8 மி.மீ. இருந்தால் நல்லது. அதைவிட மிகவும் குறைந்தால் தேனீ நுழைய முடியாது, சட்டத்தைத் தூக்கும்போது நசுங்கவும் செய்யும். மிகவும் கூடினால் அங்கே அடையைக் கட்டிச் சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிடும். எனக்கு நேர்ந்தது இதுவே.

இன்னொன்றும் உண்டு. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டியின் விரிசல்களைப் பூசி அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீக்கு அந்த வழக்கம் கிடையாது. எனவே மூலையில் நீங்கள் விட்ட சந்து அப்படியே நிற்கும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் அவ்வழியே வரும். இத்தாலியத் தேனீ வளர்ப்பவருக்குப் பொறுக்கக்கூடிய தச்சுப் பிழை, அடுக்குத் தேனீ வளர்க்கும் நமக்குப் பொறுக்காது என்று சொல்லலாம்.

ஒரு டிகிரி பிழை என்ன செய்யும்?

நம் பகுதிகளில் பெரிதும் பயன்படும் நியூட்டன் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1910-களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன் நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்த சிறு பெட்டி இது. புழு அறையில் ஏழு சட்டங்கள் தொங்கும். அந்த அறையின் சுவர் உயரம் சுமார் 16 செ.மீ., அதாவது 160 மி.மீ.

பக்கச் சுவர்ப் பலகையின் முனையை அறுக்கும்போது கேஜ் ஒரே ஒரு டிகிரி தவறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் 160 மி.மீ. உயரத்தில் அந்த ஒரு டிகிரி ஏறக்குறைய 2.8 மி.மீ. விலகலாக வளர்ந்துவிடும். பலகையின் இரு முனைகளையும் அதே விளிம்பைக் கேஜில் அணைத்து அறுத்தால் இரண்டும் ஒரே பக்கமாகச் சாயும். அவற்றின்மீது அறையப்படும் முன்சுவரும் பின்சுவரும் சாயும். சட்டம் மட்டும் நேராகத் தொங்கும். மேலே இருபுறமும் 8 மி.மீ. சந்து இருந்தாலும் அடியில் ஒருபுறம் 5 மி.மீ. அளவுக்குக் குறுகி, மறுபுறம் 11 மி.மீ. அளவுக்கு விரியும். குறுகிய பக்கம் தேனீ நசுங்கும், விரிந்த பக்கம் அடை ஒட்டும்.

பலகையைத் திருப்பி எதிர் விளிம்பை அணைத்து மறுமுனையை அறுத்தாலோ, அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிடச் சுமார் 5.6 மி.மீ. நீண்டோ குறைந்தோ போகும். பக்கச் சுவர் இரண்டும் எதிரெதிராகச் சாயும்படி அமைந்துவிட்டால் பெட்டி முறுக்கிக்கொண்டு நான்கு மூலைகளில் மூன்றில் மட்டும் நிற்கும். என் பெட்டிகள் ஆடிய காரணம் இதுதான்.

சாய்வு வெட்டுகளில் பிழை இன்னும் வேகமாகப் பெருகும். மேல் மூடியின் காற்றோட்டத் துளைக்குக் கம்பி வலை அடிக்கும் சட்டத்தையோ, வீட்டில் படத்திற்கான சட்டத்தையோ 45 டிகிரியில் மூட்டுவதாக இருந்தால் மொத்தம் எட்டு முனைகளை அறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிழை இருந்தால் மூன்று மூலைகளைக் கூட்டி முடித்த பிறகு நான்காவது மூலையில் 4 டிகிரி சந்து நிற்கும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பார்கள். அடுத்த மழையில் அது உதிர்ந்துவிடும்.

கருவியின் அமைப்பு

மேசை ரம்பத்தின் மேற்பரப்பில், ரம்பத் தகட்டிற்கு இணையாக ஒன்றோ இரண்டோ நீண்ட காடிகள் வெட்டப்பட்டிருக்கும். காடியில் ஓடும் ஒரு பட்டை, பட்டையின் மேல் திரும்பக்கூடிய அரைவட்டத் தலை, தலையை இறுக்கும் கைத்திருகு ஆகிய மூன்றும் சேர்ந்ததே மைட்டர் கேஜ். தலையில் டிகிரிக் கோடுகள் இருக்கும். அதன் நேர் முகத்தில் பலகையை அணைத்து, இரண்டையும் சேர்த்து முன்னே தள்ள வேண்டும். ஆசாரிகள் கைரம்பத்தோடு பயன்படுத்தும் மரத்தொட்டி போன்ற மைட்டர் பெட்டி வேறு, இது வேறு.

கடைக்குப் போகுமுன்

உங்கள் ரம்பத்தின் காடியை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மேசை ரம்பங்களில் காடி பெரும்பாலும் முக்கால் அங்குல அகலமும் மூன்றெட்டு அங்குல ஆழமும், அதாவது 19 மி.மீ. அகலமும் 9.5 மி.மீ. ஆழமும் இருக்கும். தனியாக விற்கும் நல்ல கேஜ்கள் இந்த அளவிலேயே வருகின்றன. ஆனால் வீட்டு உபயோகச் சிறு ரம்பங்கள் பலவற்றில் காடி இதைவிடக் குறுகியது, ஆழமும் குறைவு. அத்தகைய ரம்பத்திற்கு விலை உயர்ந்த கேஜை வாங்கி வந்தால் அது காடியில் இறங்கவே இறங்காது. காடியின் அகலத்தை முன்புறம், நடு, பின்புறம் என மூன்று இடங்களில் வெர்னியர் கொண்டு அளப்பது நல்லது. மலிவான மேசைகளில் மூன்றும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் எந்தக் கேஜும் அங்கே சரியாக ஓடாது. கேஜுக்காகப் பணத்தைச் செலவிடாமல் பின்னால் கூறப்போகும் சறுக்குப் பலகைக்குப் போய்விடுங்கள்.

வாங்கும்போது

முதலில் பட்டையைப் பாருங்கள். காடியில் வைத்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கூடாது. அதே சமயம் இரு விரலால் தள்ளினால் தடங்கலின்றி ஓடவும் வேண்டும். அரை மி.மீ. ஆட்டம் அற்பமாகத் தோன்றலாம். வெட்டு தொடங்கும்போது பட்டையில் பாதி காடிக்கு வெளியேதான் இருக்கும். 150 மி.மீ. நீளம் மட்டும் காடிக்குள் இருக்கும்போது அரை மி.மீ. ஆட்டம் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குப் பிழையைத் தரும். தலையை எவ்வளவு துல்லியமாகத் திருத்தி வைத்தாலும் இந்தப் பிழை போகாது. அதுவும் ஒவ்வொரு வெட்டிலும் ஒவ்வொரு அளவில் வரும். நிலையான பிழையைத் திருத்திவிடலாம். மாறும் பிழையைத் திருத்த வழியில்லை. எனவே, டிகிரிக் கோடுகளைவிடப் பட்டையின் பொருத்தமே முக்கியம் என்பது என் முடிவு.

நல்ல கேஜ்களில் பட்டையின் பக்கத்தில் ஆட்டத்தைப் போக்கும் சிறு திருகுகள் இருக்கும். அவை இருந்தால் பட்டை சற்றே மெலிந்ததாக இருந்தாலும் கவலை இல்லை. திருகு இல்லாத இரும்புப் பட்டையானால் ஒரு பட்டறை வைத்தியம் உண்டு. பட்டையின் பக்க விளிம்பில், ஒரு விரல் நீள இடைவெளியில், சென்டர் பஞ்சை வைத்து லேசாகத் தட்டினால் குழியைச் சுற்றி இரும்பு சற்று உப்பும். அந்த உப்பல் ஆட்டத்தை எடுத்துவிடும். மிகுந்துவிட்டால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அலுமினியப் பட்டையில் இந்த உப்பல் விரைவில் தேய்ந்துவிடும்.

அடுத்தது தலை. கனமான வார்ப்பு அலுமினியமோ இரும்போ ஆனது நல்லது. கைத்திருகை இறுக்கிவிட்டு, தலையின் ஒரு கோடியைக் கையால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தலை பலகையின் அழுத்தத்திலேயே வளைகிறது. தலையின் முகத்தில் மூலைமட்டத்தின் விளிம்பையோ எஃகு அளவுகோலையோ வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், முகம் நேரானதா குழிந்ததா என்று தெரிந்துவிடும்.

பின்னர் நிறுத்தங்கள். 0, 15, 22.5, 30, 45 போன்ற கோணங்களில் தலை 'டக்' என்று விழுந்து நிற்கும்படி குழிகளோ சிறு திருகுகளோ அமைத்திருப்பார்கள். குழி நிறுத்தம் விரைவானது. ஆனால் குழி தேய்ந்தாலோ தொழிற்சாலையிலேயே தவறான இடத்தில் விழுந்திருந்தாலோ உங்களால் திருத்த முடியாது. நீங்கள் கால் டிகிரி நகர்த்தி வைத்தாலும் அது மறுபடி குழிக்குள்ளேயே இழுக்கும். திருகு நிறுத்தத்தை நீங்களே திருத்தி, நட்டு கொண்டு பூட்டிவிடலாம். தேன் பெட்டிக்கு நேர் வெட்டும் 45 டிகிரியும் தவிர வேறு கோணம் அநேகமாகத் தேவைப்படாது. ஆகவே, 0-விலும் இருபுற 45-லும் திருத்தக்கூடிய திருகு உள்ள சாதாரணக் கேஜ், இருபது குழிகள் உள்ள விலை உயர்ந்த கேஜைவிட நமக்கு ஏற்றது.

டிகிரிக் கோடுகளின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். கோட்டின் தடிப்பே கால் டிகிரி இருக்கும் கேஜ்கள் உண்டு. தலையின் முகத்தில் மரச்சட்டம் பொருத்த இரண்டு துளைகள் உள்ளனவா என்பதை அதற்குப் பதிலாகப் பாருங்கள். தலை குட்டையானது. அதன்மீது ஒன்றரை அடி நீளத்தில் நேரான மரச்சட்டம் ஒன்றைத் திருகி, சட்டத்தின் முகத்தில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் பலகை வழுக்கி நகராது. 45 டிகிரி வெட்டில் பலகை வழுக்குவதே பாதிப் பிழைக்குக் காரணம்.

முதலில் ரம்பத்தைச் சோதிக்கவும்

கேஜைக் குறை கூறுமுன் ரம்பம் ஒழுங்காக உள்ளதா என்று பார்க்க வேண்டும். மின்இணைப்பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தகட்டின் ஒரு பல்லில் சாக்பீசால் அடையாளமிட்டு, அந்தப் பல் முன்புறம் இருக்கும்போது காடியிலிருந்து அதன் தூரத்தை அளக்கவும். தகட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து மறுபடி அளக்கவும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் தகடு காடிக்கு இணையாக இல்லை. முதலில் அதையே சரிசெய்ய வேண்டும். தகடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தைத் தகட்டின் உடலில், பற்களைத் தொடாமல், அணைத்துப் பார்க்கவும்.

வெட்டிப் பார்த்துச் சோதித்தல்

மூலைமட்டத்தைத் தகட்டுக்கும் கேஜுக்கும் நடுவே வைத்து முதல் ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஆனால் அது போதாது. மூலைமட்டமே தவறாக இருக்கலாம். வெட்டிய மரம் பொய் சொல்லாது.

எளிய சோதனை இது. இரு விளிம்பும் இணையாக உள்ள 160 மி.மீ. அகலப் பலகைத் துண்டை எடுத்து நடுவில் குறுக்காக அறுக்கவும். ஒரு துண்டை அப்படியே வைத்து, மற்றதை மட்டும் அடிப்புறம் மேலாகும்படி புரட்டவும். இரண்டின் விளிம்பையும் ஒரு நேரான சட்டத்தில் அணைத்து, அறுத்த முகங்களை ஒன்றோடொன்று சேர்க்கவும். சந்து இல்லையானால் வெட்டு நேர். சந்து தெரிந்தால் அது உண்மைப் பிழையைப் போல் இரு மடங்கு. சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 1/10 மி.மீ. தடிப்புள்ளது. சந்தில் எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து தாள் நுழைந்தால் சந்து அரை மி.மீ., உண்மைப் பிழை கால் மி.மீ. மட்டுமே. பெட்டிச் சுவருக்கு இது போதுமான துல்லியம்.

இன்னும் நுட்பமாக அறிய ஐந்து வெட்டுச் சோதனை உண்டு. சுமார் 300 மி.மீ. சதுரமுள்ள பிளைவுட் துண்டில் ஒரு பக்கத்தை அறுக்கவும். அறுத்த பக்கத்தைக் கேஜில் அணைத்து அடுத்த பக்கத்தை அறுக்கவும். இவ்வாறே நான்கு பக்கமும் அறுத்தபின், கடைசியாக அறுத்த பக்கத்தை அணைத்து முதல் பக்கத்தை மறுபடி இரண்டு செ.மீ. அகலத்தில் அறுத்து எடுக்கவும். இந்த ஐந்தாவது வெட்டில் கிடைக்கும் பட்டைத் துண்டில் பிழை நான்கு மடங்காகச் சேர்ந்திருக்கும். அதன் இரு முனைகளின் அகலத்தையும் வெர்னியரால் அளக்கவும். ஒன்று 20.8, மற்றது 20.0 என்றால் வித்தியாசம் 0.8 மி.மீ. அதை 4-ஆல் வகுத்தால் 0.2 மி.மீ. ஆகவே 300 மி.மீ. நீளத்திற்கு 0.2 மி.மீ. விலகல் என்று பொருள். இது டிகிரியில் 25-இல் ஒரு பங்குதான். இந்த அளவுக்கு வந்த கேஜை மேலும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நிறுத்தத் திருகைத் திருத்தும்போது எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பம் வரும். சிறிது நகர்த்திவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். பிழை கூடினால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். சரியானதும் நட்டை இறுக்கி, இறுக்கியபின் இன்னொரு முறை சோதியுங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடும் திருகுகள் உண்டு.

எல்லாத் துண்டும் ஒரே நீளமாக வர

கோணம் சரியானாலும் நீளம் மாறினால் பெட்டி கோணலாகத்தான் வரும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும், ஒரு பெட்டியின் ஏழு சட்டங்களுக்கான பதினான்கு பக்கக் குச்சிகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அளந்து பென்சிலால் கோடிட்டு அறுத்தால் இது நடவாது. கேஜின் மரச்சட்டத்தில் ஓர் அளவுக் கட்டையைக் கிளாம்பால் பிடித்துவிட்டு, பலகையின் முனையை அதில் முட்டவைத்து அறுக்கவும். கட்டையின் கீழ் முனையைச் சிறிது சீவிவிட்டால் மரத்தூள் சேர்ந்து அளவைக் கெடுக்காது. ஒரு பெட்டிக்கு என்று அறுக்காமல், ஒரே அமைப்பில் எல்லாப் பெட்டிகளுக்குமான ஒரு வகைத் துண்டுகளை அறுத்து முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போகவும்.

மேசையின் நீளவாட்டுக் கட்டையையே அளவுக்கு முட்டாக வைத்து, கேஜால் தள்ளி அறுக்கும் தவறைப் பலர் செய்கிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. அறுந்த துண்டு சுழலும் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கி, அறுப்பவர் மீது வேகமாக எகிறி வரும். கையையும் தகட்டின் பக்கம் இழுத்துவிடலாம். நீளவாட்டுக் கட்டையை அறவே அகற்றிவிட்டுத்தான் குறுக்கு வெட்டு வெட்ட வேண்டும். அறுக்கும்போது கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் கூடாது. தகட்டின் அருகில் விழுந்த சிறு துண்டுகளை, தகடு முழுதும் நின்ற பிறகே எடுக்கவும். கைரம்பத்தையும் கிரைண்டரையும் பலகைக்கு அடியில் தலைகீழாகக் கட்டி மேசை ரம்பமாக்குவதைச் சில இடங்களில் பார்க்கிறேன். அதற்குக் கேஜ் தேர்ந்தெடுப்பது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. விரல்களை இழப்பதற்கான ஏற்பாடு அது.

சறுக்குப் பலகை

காடி ஒழுங்கற்றதாக இருந்தாலோ, நல்ல கேஜ் வாங்க வசதி இல்லாவிட்டாலோ, சறுக்குப் பலகையை நீங்களே செய்துகொள்ளலாம். உண்மையில் 16 செ.மீ. அகலப் பலகையை அறுக்கக் கேஜைவிட இதுவே நல்லது. 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றின் அடியில், இரண்டு காடிகளிலும் ஆட்டமின்றி ஓடும்படி நன்கு உலர்ந்த தேக்குக் குச்சிகள் இரண்டைத் திருகவும். இரண்டு காடிகளிலும் ஓடுவதால் ஆட்டம் வெகுவாகக் குறையும். காடி ஒன்றே உள்ள மேசையில் ஒரு குச்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பலகையின் மேல், உங்கள் பக்க விளிம்பில், நேரான தடித்த சட்டம் ஒன்றை ஒரு முனையில் மட்டும் திருகி, மறுமுனையைக் கிளாம்பால் பிடிக்கவும். எதிர் விளிம்பிலும் ஒரு சட்டம் வைக்காவிட்டால் தகடு அறுத்துக்கொண்டு வரும்போது பலகை இரண்டாகிவிடும்.

இப்போது ஐந்து வெட்டுச் சோதனை செய்யவும். மேலே கூறிய உதாரணத்தில் 300 மி.மீ.க்கு 0.2 மி.மீ. பிழை என்று கண்டோம். சட்டத்தில் திருகிய முனையிலிருந்து கிளாம்பு முனை 400 மி.மீ. தூரத்தில் இருந்தால், கிளாம்பு முனையை 0.2-ஐ 400-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 0.27 மி.மீ. நகர்த்த வேண்டும். மூன்று தாள்களைச் செருகி நகர்த்தினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். தவறான பக்கம் நகர்த்தியிருந்தால் அடுத்த சோதனையில் வித்தியாசம் இரட்டிப்பாகும். சரியானபின் மறுமுனையையும் திருகிவிடவும். தகடு வெளியே வரும் இடத்தில், சட்டத்திற்குப் பின்னால் ஒரு தடித்த கட்டையை ஒட்டிவைத்து, கைகளை அதற்கு இருபுறமும் தள்ளியே வைத்துக்கொள்ளவும்.

நாலைந்து பெட்டிகளே வைத்திருப்பவர் இதற்காக ரம்பமும் கேஜும் வாங்குவது வீண் செலவு. ஊர் ஆசாரியிடம் அளவு தவறாத மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் கைரம்பத்தாலேயே நேராக அறுத்துத் தருவார். ஏற்கெனவே ரம்பம் உள்ளவரும், பெட்டி செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்க நினைப்பவரும் மட்டும் கேஜைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

ஈர மரத்தை எவ்வளவு நேராக அறுத்தாலும் காயும்போது கோணும். கேஜ் கீழே விழுந்தாலும், ரம்பத்தை இடம் மாற்றினாலும், தகடு மாற்றினாலும், புரட்டிப் பார்க்கும் சோதனையை மறுபடி ஒரு முறை செய்யவும். சரியாக அறுத்த ஒரு பக்கச் சுவரையும் ஒரு பக்கக் குச்சியையும் மாதிரி என்று எழுதி, பரணில் ஈரம்படாமல் வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அளவுக் கட்டையை அமைக்கும்போது அளவுநாடாவைத் தேட வேண்டியிராது.